கப்சாயும் சிப்பாயும்: பட்டப்பெயர் சூட்டும் உரிமை யாருக்கு?

பினாங்கில் யமஹா ஒய்15இசட்ஆர் என்று முழுப்பெயரையும் சொல்லி உதிரிபாகம் கேட்கிறவரைக் கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். தெருவில் அதற்கு 'ஒய்சுக்கு' என்று பெயர். மலாயில் சுக்கு என்றால் கால் பங்கு. கால் மணி நேரம் பதினைந்து நிமிடம் என்பதால், பதினைந்து என்கிற எண் 'சுக்கு' ஆகி, 'ஒய்' என்ற எழுத்தின் வாலில் ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டிலிருந்து வந்திறங்கிய உறவினர் கேட்டால் மிளகு, திப்பிலியையும் தேடுவார். இந்தப் பெயரை யமஹா வைக்கவில்லை, எந்த விளம்பரக்காரரும் வைக்கவில்லை. யாரோ ஒரு பையன் சொல்லியிருப்பான், பக்கத்தில் இருந்தவன் சிரித்திருப்பான், மறுநாள் ஊரே சொன்னது.

அதற்கு மூத்தது 'கப்சாய்'. ஹோண்டா 1958இல் கொண்டுவந்த சூப்பர் கப் வண்டியின் 'கப்'போடு, சிறியது என்று பொருள்படும் சீன ஒட்டு 'சாய்' சேர்ந்து வந்த சொல் என்பார்கள். ஆங்கிலம் பாதி, கண்டனீசு பாதி; ஆனால் அதை அதிகம் சொல்கிறவர்கள் மலாய்க்காரர்களும் தமிழர்களும்தான். இன்று அது ஹோண்டாவுக்கு மட்டும் சொந்தமில்லை. பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், கெடா மாநிலத்துக் குருனில் மொடெனாஸ் தொழிற்சாலை 1996இல் வெளியிட்ட கிரிஸ் வண்டியும் கப்சாய்தான். இஎக்ஸ்5, எல்சி, வேவ் எல்லாமே கப்சாய்தான். நம் பேச்சில் 'மோட்டார்' என்றாலே இருசக்கர வண்டி என்று ஆகிவிட்டதுபோல, சின்ன மோட்டார் என்றாலே கப்சாய் என்று ஆகிவிட்டது.

வண்டிக்கு இப்படி என்றால், ஓட்டுகிறவனுக்கு? பட்டப்பெயர்கள் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் இடங்கள் என்று இரண்டைச் சொல்லலாம்: ஒன்று மோட்டார் ஓட்டிகளின் கூட்டம், இன்னொன்று பட்டாளம். இரண்டிலும் உயிர் பணயம் என்பதால் நெருக்கம் வருகிறது, நெருக்கத்தில் பெயர் பிறக்கிறது என்று பொதுவாகக் காரணம் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, காத்திருப்பு. பட்டாளத்தான் சண்டை போடும் நேரத்தைவிடச் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் அதிகம். மோட்டார்க்காரனும் அப்படித்தான். ஜார்ஜ் டவுனில் நாலு மணி மழை பிடித்துக்கொண்டால் மேம்பாலத்தின் அடியில் முப்பது, நாற்பது வண்டிகள் ஒதுங்கி நிற்கும். மழைக்கோட்டு போட்ட அலுவலகக்காரர், முதுகில் பச்சைப் பெட்டியும் இளஞ்சிவப்புப் பெட்டியும் சுமந்த உணவு விநியோகப் பையன்கள், தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வரும் பெண்கள் எல்லாரும் இருப்பார்கள். தலைக்கவசத்தைக் கழற்றினால்தான் முகமே தெரியும். அரைமணி நேரம் வேறு வேலை கிடையாது. ஒருத்தனுடைய வண்டி உதைத்து உதைத்தும் கிளம்பாது. 'டேய் மச்சான், இன்னும் எத்தனை உதை?' என்று ஒருவன் கேட்பான். மழை விடுவதற்குள் அவனுக்குப் பெயர் விழுந்துவிடும். அவன் புது வண்டி வாங்கினாலும் அந்தப் பெயர் போகாது.

'விழுந்துவிடும்' என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. பட்டப்பெயரைத் தனக்குத் தானே வைத்துக்கொள்ள முடியாது. அது அடுத்தவர் வாயிலிருந்து விழ வேண்டும். 'இனிமேல் என்னைப் புலி என்று கூப்பிடுங்கள்' என்று ஒருவன் அறிவித்தால், அன்று சாயங்காலமே அவன் பூனை ஆகியிருப்பான்.

அரசர்களுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. 1025இல் இராஜேந்திர சோழன் அனுப்பிய கப்பற்படை கடாரத்தைத் தாக்கியது. 'கடாரங்கொண்டான்' என்ற பட்டம் வந்தது. கடாரம் என்பது இன்றைய கெடா. 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து கொடி ஏற்றும்வரை பினாங்குத் தீவும் கெடா சுல்தானுடையதுதான். அதாவது, நம் வாசலுக்கு எதிரே நடந்த படையெடுப்பு சோழ மன்னனுக்குப் பட்டமாயிற்று. அது கல்வெட்டில் பொறிக்க வைத்த பட்டம். கப்பலில் துடுப்புப் போட்டவனை அவன் கூட்டாளிகள் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை எந்தக் கல்லும் சொல்லவில்லை.

மேலிருந்து வைத்த பெயர் ஒட்டாது என்பதற்கு மலேசியாவில் கண்முன் நடந்த உதாரணம், தெருவில் மோட்டார்ப் பந்தயம் ஓட்டும் பையன்களுக்கு வழங்கும் 'மாட் ரெம்பிட்'. முகமது, அகமது போன்ற பெயர்களின் சுருக்கம் 'மாட்'. அதோடு எதைச் சேர்த்தாலும் ஒரு வகை ஆளுக்குப் பெயர் கிடைத்துவிடும்: வெள்ளைக்காரன் மாட் சாலே, மோட்டார் பித்தன் மாட் மோட்டார், கடிதம் கொண்டுபோகிறவன் மாட் டெஸ்பாட்ச். 'ரெம்பிட்' எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை. மோதுதல், நெருக்குதல் என்று பொருள்படும் இரண்டு மலாய்ச் சொற்கள் கலந்தது என்பார் ஒருவர். ஆங்கிலத்தில் முறுக்கு என்று சொன்னது திரிந்தது என்பார் இன்னொருவர். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் அலறல்தான் அது என்பவரும் உண்டு. 1985இல் வந்து, 2011 வாக்கில் நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ்இசட் வண்டியின் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு மூன்றாவது கதைமேல் நம்பிக்கை வரும். இவர்களுடைய வித்தைகளுக்கும் பெயர் உண்டு. இருக்கையில் குப்புறப் படுத்துக் காலைப் பின்னால் நீட்டி ஓட்டுவது 'சூப்பர்மேன்'. வண்டிகளுக்கு நடுவே பாம்பாக நுழைவது 'சீலோக்'. முன் சக்கரத்தைத் தூக்குவது 'வீலி'. காலை அகட்டிக்கொண்டு தூக்கினால் 'வீகாங்'. பினாங்கில் லிம் சொங் யூ விரைவுச்சாலையில் நள்ளிரவு தாண்டி நின்றால் அகராதி முழுவதையும் நேரிலேயே பார்க்கலாம். பார்க்கச் சொல்லவில்லை.

2006இல் 'ரெம்பிட்' என்ற பெயரிலேயே மலாய்ப் படம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில்தான் அன்றைய ஆளுங்கட்சி அம்னோவின் இளைஞர் அமைப்பான புத்ரா அம்னோ, இந்தப் பையன்களை நல்வழிப்படுத்தப் போகிறோம் என்று கிளம்பி, 'மாட் செமெர்லாங்' என்று பெயரை மாற்றிப் பார்த்தது. செமெர்லாங் என்றால் மேன்மை. அன்றைய அரசாங்கத்தின் முழக்கத்திலிருந்து எடுத்த சொல். பையன்கள் சிரித்தார்கள். பிறகு போலீஸ் தரப்பு எதிர்ப்பக்கம் போய், இவர்களைச் 'சம்செங் ஜாலானான்', அதாவது தெரு ரவுடிகள், என்று சொல்லத் தொடங்கியது. பெயரில் இருந்த கவர்ச்சியைப் பிடுங்கிவிடலாம் என்பது கணக்கு. 2010இல் அந்தப் பெயரிலும் ஒரு படம் வந்தது. இன்று தெருவில் யாரைக் கேட்டாலும் மாட் ரெம்பிட்தான். புகழ்ந்து மாற்றிப் பார்த்தார்கள், இகழ்ந்து மாற்றிப் பார்த்தார்கள், இரண்டும் பலிக்கவில்லை.

கீழேயிருந்து வந்த சொல்லைக் கெட்டிக்காரத்தனமாகக் கையிலெடுத்தவரும் உண்டு. 2018 தேர்தலில் தோற்ற முன்னாள் பிரதமர் நஜிப், 2019 தொடக்கத்தில் ஒய்சுக்கு ஒன்றில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். வண்டி எண் 8055 கேயூ. எண்களை எழுத்தாக வாசித்தால் 'பாஸ்கு', என் முதலாளி. சாப்பாட்டுக் கடையிலும் பெட்ரோல் நிலையத்திலும் மலேசியர்கள் ஒருவரையொருவர் 'பாஸ்' என்று கூப்பிடும் வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததே. அந்தச் சொல்லையும் கப்சாயையும் சேர்த்து ஒரு மேட்டுக்குடி அரசியல்வாதி தெருப்பையன்களின் தோழர் ஆனார். அவருடைய அரசியல் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் புத்ரா அம்னோவுக்குப் புரியாத பட்டப்பெயர் இலக்கணம் அவருக்குப் புரிந்திருந்தது: பெயரைப் புதிதாகச் செய்யாதே, புழங்குவதை எடுத்துக்கொள்.

சென்னையிலும் இதே கதை வேறு சட்டையில் நடந்தது. தலைமுடிக்குச் சாயம் பூசி, ஒரே வண்டியில் மூன்று பேராகப் பறந்த வடசென்னைப் பையன்கள் தங்களுக்குள் 'புள்ளிங்கோ' என்று செல்லமாகச் சொல்லிக்கொண்டார்கள். 2019 வாக்கில் கானாப் பாட்டு வழியாக அது ஊரெங்கும் பரவியதும் வசவாக மாறியது. உள்ளே இருக்கும்போது செல்லம், வெளியே வந்ததும் வசவு.

பட்டாளத்துக்கு வருவோம். பிரிட்டிஷ் படையில் பட்டப்பெயர் வைக்க மூளையே தேவையில்லை. குடும்பப்பெயர் மில்லர் என்றால் அவன் 'டஸ்டி' மில்லர். மாவு அரைக்கிறவன்மேல் தூசி இருக்கும் அல்லவா. வைட் என்றால் 'சாக்கி', சுண்ணாம்புக்கட்டி. மர்ஃபி என்றால் 'ஸ்பட்', உருளைக்கிழங்கு. பெல் என்றால் 'டிங்கர்', மணியோசை. புதிதாகச் சேர்ந்தவன் மூட்டையை இறக்குவதற்கு முன்பே பெயர் தயாராக இருக்கும். வேல்ஸ் நாட்டுப் படைப்பிரிவுகளில் ஜோன்ஸ்கள் அதிகம் என்பதால் படை எண்ணின் கடைசி இலக்கங்களையே பெயராக்கினார்கள். கூர்க்கா படையிலும் அப்படியே. குருங், ராய் என்று வரிசையாக நின்றால் வேறு வழி? தமிழனுக்குக் குடும்பப்பெயர் இல்லை, த/பெ போட்டு அப்பா பெயர்தான். ஆகவே நம்மவர்களின் பட்டப்பெயர் ஊரை, உடம்பை, தொழிலைப் பிடித்து வரும். அதனால்தான் நம்முடைய பெயர்கள் கொஞ்சம் கூடுதலாகவே சுடும்.

வெள்ளைக்காரன் நாக்குக்கு நம் பெயர் வராதபோது நடந்தது இன்னொரு வகை. 1949 ஜனவரி 15 அன்று இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தளபதியான கரியப்பாவுக்கு 'கிப்பர்' என்று பெயர். உப்பிட்டுப் புகைபோட்ட மீன். ஆங்கில அதிகாரி ஒருவரின் மனைவிக்குக் கரியப்பா என்று சொல்ல வரவில்லையாம். நாட்டின் மிகப் பெரிய படைக்குத் தலைவரானபோதும் மீன் கூடவே வந்தது.

பினாங்கில் பட்டாளத்தின் தடம் தெருப்பெயர்களில் இன்னும் இருக்கிறது. சிறைச்சாலைப் பக்கம் ஜாலான் சிப்பாய் லைன்ஸ் இருக்கிறது. அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கும் மிண்டன், 1759இல் ஜெர்மனியில் நடந்த ஒரு சண்டையின் பெயர் தாங்கிய பிரிட்டிஷ் முகாம். மாணவர்களுக்கு அது வெறும் பேருந்து நிறுத்தம். எதிர்க்கரையில் பட்டர்வொர்த் தளத்தை ஆஸ்திரேலிய விமானப்படை 1988இல்தான் மலேசியாவிடம் ஒப்படைத்தது. அவர்களுடைய மிராஜ் போர் விமானத்துக்கு 'பிரெஞ்சுச் சீமாட்டி' என்று செல்லப்பெயர். அதே தளத்திலிருந்து பறந்த நம் நூரி ஹெலிகாப்டர்களுக்குக் கிளியின் பெயரை விமானப்படை வைத்தது. அடுத்தடுத்து விபத்துகள் நடந்ததும் வெளியே இருந்தவர்கள் 'பறக்கும் சவப்பெட்டி' என்றார்கள். அதில் ஏறி வேலைக்குப் போனவர்களின் வீட்டார் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று சொன்னவர்கள் யோசிக்கவில்லை.

போர்க்காலத்தில் பெயர் ஆயுதம். பினாங்கில் 1942இல் இந்திய சுயராஜ்யப் பயிற்சிக்கூடம் நடந்தது. அங்கே பயிற்சி பெற்றவர்கள் நீர்மூழ்கிக் கப்பலிலும் தரைவழியிலும் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பிடிபட்டவர்களில் வக்கம் அப்துல் காதர் உட்பட நால்வர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். இவர்களையும் இந்திய தேசிய இராணுவத்தாரையும் பிரிட்டிஷ் இராணுவம் 'ஜிஃப்' என்றது. ஜப்பானியரின் கையாட்கள் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். இந்தியச் சிப்பாய்கள் அவர்களை வெறுக்க வேண்டும் என்று அந்தச் சொல்லைத் திட்டமிட்டுப் பரப்பினார்கள். பின்னால் மலாயாவின் அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை 'கொள்ளையர்' என்று சொல்லிவந்த பிரிட்டிஷ் அரசாங்கம், 1952இல் அதை விட்டுவிட்டு 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதி' என்பதன் முதலெழுத்துகளாக 'சிடி' என்று மாற்றியது. இவை கோப்பில் நிலைத்தன. மனிதர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் பெயராக ஆகவில்லை.

ஜான்சி ராணி படையின் கதை வேறு. இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவாக 1943இல் தொடங்கிய அந்தப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்களே அதிகம். பால்மரம் சீவிய கையில் துப்பாக்கி எடுத்தவர்கள், ஒருவரையொருவர் 'ராணி' என்றார்கள். மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். தோட்டத்தில் பேர்போட்டபோது வெறும் ஆளாக இருந்தவள் பட்டாளத்தில் ராணி ஆனாள். படைத்தலைவி லட்சுமி சுவாமிநாதன் பிறகு லெப்டினன்ட் கர்னல் ஆனார். ஆனாலும் 2012இல் மறையும்வரை அவர் 'கேப்டன் லட்சுமி'தான். பதவி உயர்ந்தும் பெயர் உயர மறுத்த வேடிக்கை. பதவியே பட்டப்பெயராகிவிட்டால் மேலிடத்து உத்தரவு அதை அசைக்காது. (பட்டாளத்துக்கே போகாமல், 1991இல் வந்த ஒரு படத்தால் கேப்டன் ஆனவரும் தமிழ்நாட்டில் உண்டு. அவரும் கடைசிவரை கேப்டன்தான்.)

பெண்கள் என்று வந்ததும் இரண்டு உலகங்களும் பிரிந்துவிடுகின்றன. பட்டாளம் ராணி என்றது; மோட்டார்க் கூட்டம் 'மினா ரெம்பிட்' என்றது, அதற்கு முன்பு 'போசியா' என்றது. போசியா ஹொக்கியன் சொல், சத்தமில்லாதவள் என்று பொருள். பின்னிருக்கையில் ஏறிய பெண்ணின் ஒழுக்கத்தின்மேல் சேறு வாரி இறைக்கத்தான் அது பயன்பட்டது. பையன்களுக்குக் கிடைத்த பெயர்களில் திட்டு இருந்தாலும் கொஞ்சம் வீரமும் கலந்திருந்தது. பெண்களுக்குக் கிடைத்ததில் அதுவும் இல்லை. அவர்களே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் இந்தக் காலத்திலும் தெருவிடம் அவர்களுக்கு நல்ல சொல் ஒன்று இல்லை. பட்டப்பெயர் கலாச்சாரத்தைக் கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும்.

மோட்டாரும் பட்டாளமும் ஒரே ஆளிடம் சந்தித்த காலமும் உண்டு. போர்க்களத்தில் கம்பி அறுந்தால் செய்தி கொண்டுபோவது மோட்டார்க்காரன். அந்தக் காலச் சங்கேத முறையில் 'டி' எழுத்தை 'டான்' என்று உச்சரிப்பார்கள் என்பதால் டெஸ்பாட்ச் ரைடருக்கு 'டான் ஆர்' என்று பெயர். நம் ஊர் மாட் டெஸ்பாட்ச், அவனுடைய சீருடை கழற்றிய தம்பி. இரண்டாம் உலகப் போரில் வான்குடைப் படையினரோடு இறக்கப்பட்ட 125 சிசி ராயல் என்ஃபீல்டுக்குப் 'பறக்கும் தெள்ளுப்பூச்சி' என்று பெயர் விழுந்தது. அதே நிறுவனத்தின் புல்லட் 1950களில் இந்தியப் படைக்குப் போயிற்று; 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் புல்லட் சத்தம் கேட்டால் பட்டாளத்தாரோ போலீஸோ என்று எட்டிப்பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இப்போது சென்னை நிறுவனமாகிவிட்ட ராயல் என்ஃபீல்டு, 2024இல் தன் மின்சார வண்டிகளுக்குத் தெள்ளுப்பூச்சிப் பெயரையே வைத்தது. அன்று எவனோ கிண்டலாகச் சொன்னது இன்று வியாபாரப் பெயர்.

ஹார்லி டேவிட்சனுக்கு அந்த அதிர்ஷ்டம் முழுதாகக் கிட்டவில்லை. பந்தயக் குழு ஒன்று பன்றிக்குட்டி வளர்த்ததிலிருந்து பன்றி என்று பொருள்படும் 'ஹாக்' அந்த வண்டியைச் சுற்றி வந்தது. பல காலம் அதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்த நிறுவனம், 1983இல் உரிமையாளர் சங்கத்துக்கு அந்த மூன்றெழுத்தையே சூட்டியது. பிறகு வேறொருவர் அதைப் பயன்படுத்தியதற்கு வழக்குப் போட்டது. பெரிய மோட்டார் சைக்கிளைக் குறிக்கும் பொதுச்சொல்லாக அது முன்பே புழங்கிவிட்டது, தனியுரிமை கிடையாது என்று அமெரிக்க நீதிமன்றம் 1999இல் சொல்லிவிட்டது. போரிலிருந்து திரும்பிய காலத்தில், 1948இல் கலிபோர்னியாவில் தோன்றிய ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் குழுவும் தன் பெயரைப் போர் விமானப் பிரிவுகளிடமிருந்தே எடுத்தது.

தமிழர்களாகிய நமக்கு மிக அருகில் இருப்பது 'தம்பி'. 1780இல் தோன்றிய மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் வீரர்களுக்கு இந்தியப் படையில் 'தம்பி' என்று பெயர். தமிழே தெரியாத வடநாட்டு அதிகாரியும் அதைப் பெருமையோடு சொல்வார். பாலம் கட்டுவதானாலும் கண்ணிவெடி எடுப்பதானாலும் தம்பிகளைக் கூப்பிடு என்பார். அதே சொல் மலாய்க்குப் போய் 'தம்பி' என்றால் அலுவலகத்தில் தேநீர் வாங்கிவரும் இந்தியப் பையன் என்று ஆயிற்று. தலை நரைத்தவரையும் அப்படிக் கூப்பிட்டார்கள். ஒரே உறவுச் சொல், ஒரு கரையில் சீருடையின் மதிப்பு, மறு கரையில் ஏவல். கூப்பிட்டவன் யார், கூப்பிடப்பட்டவன் திரும்ப அவனை என்ன சொல்லிக் கூப்பிட முடிந்தது என்பதுதான் வித்தியாசம். பட்டாளத்தில் தம்பி திரும்பி அதிகாரிக்கும் ஒரு பட்டப்பெயர் வைப்பான். கணக்குப்பிள்ளை அறையில் அது முடியாது.

இன்றைக்கு அந்தக் கணக்கு கொஞ்சம் நேராகியிருக்கிறது. 'மச்சா', 'அண்ணே', 'டேய்' மூன்றும் மலேசியர் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டன. சீனப் பையன் மலாய்ப் பையனை 'மச்சா' என்கிறான்.  பினாங்குப் பாலத்தை மோட்டாரில் அன்றாடம் கடப்பவர்களில் மூன்று இனத்தாரும் உண்டு, அவர்களுக்குள் ஓடுவது இந்தக் கலப்பு மொழிதான். இந்த நாட்டின் சாலை மரணங்களில் பாதிக்கு மேல் மோட்டார் ஓட்டிகள் என்பதையும் மறக்கக்கூடாது. அந்தச் செய்தி பத்திரிகையில் வரும்போது இறந்தவர் அநேகமாக 'ஆடவர் ஒருவர்' அல்லது 'மாட் ரெம்பிட்'. கப்சாயில் இரவு வேலைக்குப் போன தொழிலாளியை, பந்தயம் ஓட்டினாரா என்று விசாரிக்காமலே அந்தப் பெயரில் அடைப்பதை நம் தமிழ்ப் பத்திரிகைகளாவது நிறுத்த வேண்டும்.

பினாங்கில் பட்டாளத்திலும் போலீஸிலும் இருந்து ஓய்வுபெற்ற தமிழர்கள் இருக்கிறார்கள். ஆர்எக்ஸ்இசட் காலத்து மோட்டார்க்காரர்களும் தாத்தா ஆகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய அடையாள அட்டைப் பெயர் அரசாங்கத்திடம் இருக்கிறது. கூட்டாளிகள் கூப்பிட்ட பெயர் எங்கும் இல்லை. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே கேட்டு எழுதிவையுங்கள். பெயரை மட்டும் எழுதினால் பயனில்லை. யார் வைத்தது, எங்கே வைத்தது, அன்று என்ன நடந்தது, அவர் பதிலுக்கு யாருக்கு என்ன பெயர் வைத்தார் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். திட்டாக இருந்தாலும் திருத்தாமல் எழுதுங்கள்.